மலையாண்டியின் நிழல்

வெள்ளக்கரை உப்பளத்துக்கு அந்த நாய் வந்தது ஒரு பங்குனி மாதக் கடைசியில். கொடைக்கானல் பங்களாவை விற்றுவிட்ட முதலாளி, அங்கிருந்த நாற்காலிகளையும் கண்ணாடி அலமாரியையும் தூத்துக்குடி வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் மிஞ்சிய கடைசிச் சாமானாக அதைக் காரின் பின் இருக்கையில் அடைத்துக் கொண்டுவந்து மோட்டார் அறை வாசலில் இறக்கிவிட்டார். கன்றுக்குட்டி உயரம் இருந்தது. வெள்ளையும் செம்மண் நிறமுமாக, கையை விட்டால் மணிக்கட்டு வரை மறைந்துபோகிற மயிர். இறங்கியதும் அது உப்புத்தரையில் ஒரு காலை வைத்தது, எடுத்தது, அடுத்த காலை வைத்தது, அதையும் எடுத்தது. பிறகு வேறு வழியில்லை என்று தெரிந்துகொண்டது போல நான்கு காலையும் ஊன்றி நின்றது.

"பொன்னுலிங்கம், காவலுக்கு இருக்கட்டும். என்ன திங்குமோ போடு" என்றார் முதலாளி, கார்க் கண்ணாடியைப் பாதி இறக்கி.

"மொதலாளி, இது மலையில கெடந்த உசுரு. இங்க தாங்குமா?"

"தாங்குனா இருக்கட்டும். தாங்கலன்னா கடல்தான் பக்கத்துல இருக்கே."

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

பொன்னுலிங்கம் அந்த அளத்தின் மோட்டார்க்காரர். தரைக்கடியிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு விடுவது அவர் வேலை. மோட்டார் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் அவரும் மனைவி வேல்கனியும் குடியிருந்தார்கள். வேல்கனி மற்றப் பெண்களோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவள். அவர்கள் இருவருக்கும், அங்கே வேலை செய்த எல்லாருக்கும், நிழல் என்பது வீட்டுக்குப் போனால் கிடைக்கிற ஒரு பண்டமாக இருந்ததே தவிர வேலையிடத்தில் அதை யாரும் கண்டதில்லை. மரம் முளைக்காத மண். வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். அதனால் அளத்து ஆட்களுக்கு முகவாய்க்கட்டையின் அடிப்பக்கமும் கறுத்திருக்கும். நடு அளத்தில் குவித்து வைத்த பெரிய உப்பு அம்பாரத்துக்குக் காலையிலும் மாலையிலும் நிழல் உண்டு. வேண்டியிருக்கிற நேரத்தில் அது அம்பாரத்துக்கு உள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். ஒரு ஓலைக்கொட்டகை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். கடல் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பது முதலாளியின் பதில். அதனால் சூரியன் உச்சிக்கு ஏறும்போது வேலையை முடித்து, அங்கேயே கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது என்று ஒரு வழக்கம் அங்கே தானாக உண்டாகியிருந்தது.

நாய்க்கு முதலாளி வீட்டில் என்னவோ ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. அது யார் வாயிலும் நுழையவில்லை. மலையிலிருந்து வந்ததால் பெண்கள் அதை மலையாண்டி என்றார்கள், அதுவும் திரும்பிப் பார்த்தது.

வந்த வாரத்திலேயே அது இரைக்கத் தொடங்கியது. படுத்தாலும் இரைத்தது, எழுந்தாலும் இரைத்தது. பொன்னுலிங்கம் அதை உப்பு லாரியில் ஏற்றிக்கொண்டு டவுன் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். லாரிப் பாரத்தின் உச்சியில் மூட்டைகளுக்கு நடுவே அது உட்கார்ந்து போனதைக் கண்டு ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மாவும் ஒரு கணம் நின்றுதான் பார்த்தார்.

"இதை யாரு உப்பளத்துக்குக் கொண்டுவந்தது?"

"எங்க மொதலாளிம்மா."

"அவரைக் கொண்டுபோய்ப் பனியில நிக்க வைக்கணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு கோபம் தணிந்து, பொன்னுலிங்கத்தின் மனதில் பதிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "விடியறதுக்கு முன்னால நடக்க விடுங்க. வெயில் வந்துட்டா உள்ள படுக்கட்டும். தரையில உங்க புறங்கையை வச்சுப் பாருங்க, உங்களால வச்சிருக்க முடியலன்னா அதால நடக்க முடியாது. தண்ணி எந்நேரமும் பக்கத்துல இருக்கணும். முதுகுல ஊத்திப் பிரயோஜனமில்ல, வயித்துலயும் கால்லயும் ஊத்துங்க. நாக்கு செக்கச்செவேல்னு ஆகித் தள்ளாட ஆரம்பிச்சுட்டா அப்புறம் நேரம் இருக்காது, சொல்லிட்டேன்."

"இந்த முடியை எடுத்துட்டா கொஞ்சம் காத்துப் படுமேம்மா?"

"அதை மட்டும் செஞ்சுராதீங்க. பாக்கக் கம்பளி மாதிரி இருக்கும். ஆனா குளிருக்கும் வெயிலுக்கும் அதுதான் அதுக்குக் கூரை. மழை வர்ற வரைக்கும் ஓட்டிட்டீங்கன்னா பொழச்சுக்கும்."

மழை வருகிற வரைக்கும். பொன்னுலிங்கம் அதை மட்டும் பிடித்துக்கொண்டார். மோட்டார் அறையின் மூலையில் மணலைக் குழித்துத் தண்ணீர் தெளித்துப் படுக்கை போட்டார். கதவில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். குடிதண்ணீர் லாரி வந்தால் முதல் வாளியை அதற்கு வைத்தார். கங்காணி உச்சிமாகாளி, வேலையாட்களை மேய்க்கிறவர், இதைக் கண்டு ஒருநாள் கேட்டேவிட்டார்:

"ஏன் வே, மாமியா வீட்டு மாப்பிள்ளையா அது? ஒம்ம பொண்டாட்டிக்கு ஒருநாள் இப்பிடித் தண்ணி எடுத்து வச்சிருப்பீரா?"

"வச்சா அவ அதையும் வாரிக் கரையில கொட்டிருவா" என்றார் பொன்னுலிங்கம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அன்று சாயங்காலம் வேல்கனிக்கும் ஒரு வாளி எடுத்து வைத்தார்.

சித்திரை பாதியில், ஒருநாள் உச்சிப் பொழுதில், வேலை முடிந்து எல்லாரும் அம்பாரத்தடியில் கஞ்சித் தூக்கைத் திறந்தபோது, மலையாண்டி சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, வரப்பு வழியாக நடந்து, அவர்களுக்குப் பக்கத்தில் வந்து வெயிலில் நின்றது. எல்லா நிழலும் காலடியில் சுருண்டுகொள்கிற அந்த நேரத்தில் மலையாண்டியின் நிழல் மட்டும் அதன் வயிற்றுக்கடியிலிருந்து கசிந்து, பாய் விரிவது போல விரிந்து, தங்கபுஷ்பத்தின் கால் வரைக்கும் வந்து நின்றது. தங்கபுஷ்பம் வாய் ஓயாத பெண். அவள் பேச்சுக்குப் பயந்து கங்காணியே சுற்றிக்கொண்டு போவார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு மறுபடியும் நீட்டினாள்.

"ஏளா, இங்க குளுருது" என்றாள், சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

ஒவ்வொருவராகத் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தார்கள். நிழலுக்குள் தரை ஈரமாக இருந்தது. விட்ட மூச்சு புகையாகத் தெரிந்தது. தைலமரத்தின் வாசமும், நனைந்த விறகின் வாசமும், அவர்களில் யாரும் போயிராத ஒரு ஊரின் காலைநேர வாசமும் அதில் இருந்தன. ஆட்கள் வர வர நிழலும் இடம் கொடுத்துக்கொண்டே போனது. கஞ்சியைக் குடித்து முடித்துத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் ஒருத்தி, "நாளைக்கும் வருமா?" என்று கேட்டாள்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. வந்துகொண்டிருக்கிற ஒன்றைப் பற்றி அளத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை; எங்கே உட்காருவது என்பதுதான் பேச்சாயிற்று. தலைப்பக்கத்து நிழல் அதிகக் குளிர், வால்பக்கத்து நிழல் மிதமானது என்று கண்டுபிடித்தார்கள். இளைப்பு உள்ளவர்களுக்கு வால்பக்கம் ஒதுக்கப்பட்டது. கைக்குழந்தைக்காரிகள் குழந்தைகளை வயிற்றுப் பக்கத்து நிழலில் வரிசையாகக் கிடத்தினார்கள். மேற்குத் தெரு ஆட்களோடு ஒரே நிழலில் உட்கார முடியாது என்று கிழக்குத் தெருவிலிருந்து வந்த சிலர் தள்ளி வெயிலில் உட்கார்ந்தார்கள். நடுவில் இடைவெளி விட்டு விழச் சொல்லி நிழலிடம் சொல்ல முடியாததால் மூன்றாம் நாள் அவர்களும் உள்ளே வந்து, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சேமியா ஐஸ் விற்கிறவன் சைக்கிளை நிழலோரம் நிறுத்தி, பெட்டியில் இருந்த ஐஸ் உருகாமலே வீட்டுக்குக் கொண்டுபோனான். அக்கினி நட்சத்திரத்தில் வெள்ளக்கரைக்காரர்களுக்குச் சளி பிடித்தது. வீட்டுக்கு வீடு வந்து மாத்திரை கொடுக்கிற நர்ஸம்மா, "இந்த வெயில்ல எப்படி உங்களுக்குத் தடுமன் பிடிக்குது?" என்று கேட்டதற்கு, "நாயி நெழலு ஒத்துக்கிடல" என்று ஒரு பெண் சொல்ல, அந்த அம்மா மாத்திரையை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இவ்வளவுக்கும் ஒன்றை எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். நிழலுக்குள் நாய் இல்லை. நிழல் விழ வேண்டுமானால் நாய் வெயிலில் நிற்க வேண்டும்.

பொன்னுலிங்கம் தினமும் ஒரு குடம் தண்ணீரோடு வந்து, அதன் வயிற்றிலும் காலிலும் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அதன் நாக்கைப் பார்ப்பார். ரோஜா நிறத்திலிருந்து அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டு வருவது அவருக்குத் தெரிந்தது. ஒருநாள் வீட்டிலிருந்து குடையை எடுத்துவந்து அதன் முதுகுக்கு மேலே விரித்துப் பிடித்தார். பிடித்த கணத்தில் பெரிய நிழல் அணைந்துபோயிற்று. வெயில் எல்லார் தலையிலும் ஒரே சமயத்தில் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் வீரிட்டன. கையில் கவளத்தோடு எல்லாரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அவர்களில் வேல்கனியும் இருந்தாள். நெற்றியில் உப்புப் பூத்து, கண் இடுங்கி, அவள் பார்த்த பார்வை அதட்டலாக இருந்திருந்தால் அவர் மல்லுக்கு நின்றிருப்பார். கெஞ்சலாக இருந்தது.

"கஞ்சி குடிக்கிற நேரம் மட்டும்தான அண்ணாச்சி" என்றாள் தங்கபுஷ்பம், தன் வழக்கத்துக்கு மாறான தணிந்த குரலில்.

அவர் குடையை மடக்கினார்.

கஞ்சி குடிக்கிற நேரம் மட்டும் என்பதுதான் பேச்சு. ஆனால் கங்காணி உச்சிமாகாளி இதைத் தூத்துக்குடிக்குப் போய்ச் சொல்ல, முதலாளி காரில் வந்து இறங்கி, நிழலுக்குள் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, தோள்களைக் குறுக்கிக்கொண்டு, "அட, பங்களா வராந்தா மாதிரியே இருக்கு" என்றார். நாயைத் தட்டிக்கொடுத்தார். அது அவரை முகர்ந்துவிட்டு மறுபக்கம் பார்த்தது. அடுத்த நாளிலிருந்து வேலை நேரம் மாறியது. உச்சியோடு கலைந்துபோகிற வழக்கம் நிறுத்தப்பட்டது; மத்தியானம் நிழலில் இளைப்பாறிவிட்டு மறுபடியும் பாத்தியில் இறங்கிப் பொழுது சாய்கிறவரை வார வேண்டும்.

"என்னய்யா இது அநியாயம்? பின்னேர வெயில்ல பாத்தியில நிக்கவா?" என்று பெண்கள் கேட்டதற்கு, "நெழல்தான் இருக்கே, மாத்தி மாத்திப் போயி உக்காந்துக்கிடுங்க" என்றார் கங்காணி. நிழல் இருந்தது உண்மைதானே. மலையாண்டி நிற்கிற நேரம் அன்றிலிருந்து நீண்டது. அம்பாரத்தடிக் கம்பத்தில் மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைக் கங்காணி தட்டினால் மோட்டார் அறையிலிருந்து அது எழுந்து வரும். பொன்னுலிங்கம் கதவைச் சாத்தினால் முட்டிக்கொண்டு வரும். அதற்கு அந்த மனிதர்களைப் பிடித்துப்போயிருந்தது. அதன் உடம்பில் இருந்த மலை முழுவதையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போக வந்தது போல நின்றது.

அந்தப் பின்னேர வெயிலில்தான் வேல்கனி விழுந்தாள். வாருபலகையோடு பாத்திக்குள்ளேயே சரிந்தாள். தூக்கிக் கரையில் போட்டபோது உடம்பில் பொட்டு வியர்வை இல்லை, தொட்டால் சுட்டது. பேச்சு குழறியது. அன்றைக்கு மலையாண்டி மிகவும் தளர்ந்துபோயிருந்தது என்று பொன்னுலிங்கம் அதை முன்னதாகவே கொண்டுபோய்க் கட்டிப்போட்டிருந்தார். இப்போது அவரே ஓடினார். கயிற்றை அவிழ்த்து, "வாய்யா, வாய்யா ராசா" என்று கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு, புறங்கையை வைக்க முடியாத தரையில் அதை நடத்திக் கூட்டிவந்து, அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நிழல் மெதுவாக விரிந்து அவளை மூடியது. அவள் உடம்பு ஆறி, வியர்த்து, பிறகு நடுங்கி, கண் திறக்கிற வரைக்கும் அது நின்றது. பொழுது சாய்கிறவரை நின்றது. கடைசியில் அதன் பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதைப் பொன்னுலிங்கம் கண்டார். கண்டும் அவர் அதை உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, கஞ்சித்தண்ணீரை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்த வேல்கனி சொன்னாள்: "நேத்து கண்ணு இருட்டும்போது அம்மனுக்கு நேந்துக்கிட்டேன். பொழச்சு எந்திச்சா கோயில் கொடைக்கு மலையாண்டிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக் கொண்டுவாரேன்னு."

பொன்னுலிங்கம் மணல் படுக்கையில் கிடந்த நாயைப் பார்த்தார். "அதுக்கு எதுக்குளா நேந்த? ஒனக்கு நேந்திருக்கலாம்லா?"

"பொழைக்க வச்சது அதுதான? அதுக்குத்தான நல்லது நேரணும்? அந்த முடியைச் சொமந்துக்கிட்டு எவ்வளவு இரைக்குது பாருங்க. மொட்டை போட்டா எவ்வளவு குளுமையா இருக்கும்."

"முடியை எடுக்கப்படாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்கு."

"டாக்டரம்மாக்கு அம்மனைத் தெரியுமா?"

பேச்சு அளம் முழுவதும் பரவியது. எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. பச்சைப்பிள்ளைக்குக் கோடையில்தான் மொட்டை போடுகிறோம். அம்மை கண்டு எழுந்தவனுக்கு மொட்டை போடுகிறோம். சந்தனத்தைக் குழைத்துத் தலையில் அப்பினால் உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்துபோகிறது. நமக்கு இவ்வளவு செய்த ஜீவனுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லையே என்ற உறுத்தல் அவர்கள் எல்லாருக்கும் உள்ளே இருந்தது. அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது. ஆளுக்குக் கொஞ்சம் சந்தனம் தருவதாகச் சொன்னார்கள்.

"அதுக்குப் பதிலா எனக்குப் போடுதேன்" என்றார் பொன்னுலிங்கம், அம்பாரத்தடியில் எல்லார் முன்னிலும்.

தங்கபுஷ்பம் அவர் தலையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஒங்களுக்கு எங்க அண்ணாச்சி முடி இருக்கு? காதுக்கு மேல நாலு நட்டு வச்ச மாதிரி நிக்கி. அம்மனையே ஏமாத்தப் பாக்கியளே?"

எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுலிங்கமும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அன்று வேலைக்குப் பிறகு, வரப்பில் நடந்து வரும்போது, வேல்கனி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வெளியில் அப்படிப் பிடிக்கிறவள் அல்ல. "எனக்குப் பயமா இருக்குங்க. நேந்ததைச் செய்யலன்னா அவ என்னைய எடுத்துக்கிடுவா. அந்தப் பாத்திக்குள்ள விழுந்து கெடந்தப்ப எப்பிடி இருந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது. மறுபடியும் அங்க போக என்னால ஏலாது."

அவர் ஒரு பக்கம் அவளையும் மறுபக்கம் மலையாண்டியையும் வைத்துப் பார்த்தார். அப்படி வைத்துப் பார்த்த பிறகு எந்த மனிதனும் என்ன செய்வானோ அதைச் செய்தார். பேசாமல் இருந்துவிட்டார்.

வைகாசிச் செவ்வாயில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கோயில் வாசலில் வேட்டி விரித்து மலையாண்டியை நிறுத்தினார்கள். சவரம் செய்யக் குருசாமி வந்தார். அவர் அந்த ஊர்க் குழந்தைகள் எல்லாருக்கும் முதல் முடி எடுத்தவர். கத்தரியை வைத்ததும் மயிருக்குள்ளிருந்து வெண்புகை எழும்பியது. வெட்ட வெட்ட உள்மயிரில் பொடிப்பொடியாகப் பனி உறைந்திருந்தது. குருசாமிக்கு விரல்கள் மரத்துப்போய், பந்தத்துத் தீயில் கையைக் காய்ச்சிக் காய்ச்சி வந்து வெட்டினார். மேளம் அடித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். விழுந்த மயிரை ஆளுக்கொரு பிடி அள்ளித் தலையணைக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார்கள்; சாயங்காலத்துக்குள் அது தண்ணீராகிச் சேலையை நனைத்துவிட்டது.

முடிந்தபோது மேளம் கொஞ்சம் தடுமாறி நின்றது. வேட்டியின் நடுவில் நின்றது அவர்கள் இத்தனை நாள் பார்த்த பிராணி இல்லை. விலா எண்ணுகிற மாதிரி, இளஞ்சிவப்புத் தோலோடு, மெலிந்து, வேறு யாரோ ஒருவருடைய நாய் மாதிரி ஏதோ ஒன்று நின்றது. உள்ளே இவ்வளவுதான் இருந்ததா என்று ஒரு பெண் வாய்க்குள் சொன்னாள். உடனே எல்லாரும் சந்தனத்தை எடுத்து அந்தத் தோல் தெரியாமல் அப்பினார்கள்.

பொன்னுலிங்கம் மறுநாள் அதை மோட்டார் அறையில் மணலை மூன்று தடவை நனைத்துப் படுக்க வைத்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அது எழுந்திருக்கக் கூடாதென்று வாசல் கதவுக்கு வெளியே உப்பு மூட்டை ஒன்றை முட்டுக்கொடுத்துவிட்டு, கிழக்கோரம் மடை உடைந்திருக்கிறதென்று யாரோ கூப்பிட அங்கே போனார். மடையை அடைத்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் தண்டவாளத் துண்டு ஒலிப்பது கேட்டது. கங்காணியின் கை அதன் வழக்கத்துக்குத் தட்டிவிட்டது.

மூட்டை கதவைத் தாங்கவில்லை. மலையாண்டி வரப்பு வழியாக வந்ததை எல்லாரும் கண்டார்கள். "வந்துட்டான்யா நம்ம ஆளு" என்று ஒருவர் சொல்ல, அவரவர் தூக்கை எடுத்துக்கொண்டு அவரவர் இடத்தில், தலைப்பக்கம் தலைப்பக்கத்துக்காரர்களும் வால்பக்கம் வால்பக்கத்துக்காரர்களுமாக, வெயிலில் உட்கார்ந்தார்கள். குழந்தைகளைக் கிடத்தினார்கள். அது வழக்கமான இடத்தில் நின்றது. அதன் வயிற்றுக்கடியில் மற்ற நாய்களுக்கு இருக்கிற மாதிரி சின்னதாக ஒரு நிழல் இருந்தது. அது விரியவில்லை.

"கொஞ்சம் பொறுங்க. நேத்துத்தான மொட்டை போட்டிருக்கு. மெள்ள வரும்" என்றாள் தங்கபுஷ்பம்.

பொறுத்தார்கள். தூக்கைத் திறந்து ஒருவாய் குடித்துவிட்டுப் பொறுத்தார்கள். மலையாண்டி தன் காலடியைக் குனிந்து பார்த்தது. ஒரு சுற்றுச் சுற்றி வேறு பக்கமாக நின்று பார்த்தது. கால்களை அகட்டி நின்றது. வாயில் நுரை தள்ளியது. எல்லாரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிழல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால், அது ஆடுவதை ஒருவரும் பார்க்கவில்லை.

வெகுதூரத்திலிருந்து பொன்னுலிங்கம்தான் பார்த்தார். வெள்ளை உப்புக்கு நடுவே சிவப்பாக ஒரு புள்ளியும், அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற ஆட்களும். அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து சேருவதற்கும் அது முன்னங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சாய்வதற்கும் சரியாக இருந்தது. நாக்கு செக்கச்செவேலென்று உப்பில் கிடந்தது.

"தண்ணி! வயித்துல ஊத்து! கால்ல!" தூக்கில், குடத்தில், பாட்டிலில் இருந்த தண்ணீரெல்லாம் வந்தது. எல்லாம் கொதித்தது. நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு மோட்டார் அறைக்கு ஓடக் கை கொடுத்தார்கள். கை பட்ட இடத்தில் தோல் வழுக்கிக்கொண்டு வர, அது போட்ட ஓலத்தில் கையை எடுத்துவிட்டார்கள்.

"நெழல் குடுங்கடா!" என்று கத்தினார் பொன்னுலிங்கம். அவர் அப்படிக் கத்தி அளத்தில் யாரும் கேட்டதில்லை. "நெழல் குடுங்க!"

எல்லாரும் எழுந்து அதைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். ஆனால் அது உச்சிப் பொழுது. ஒவ்வொருவருடைய நிழலும் அவரவர் காலடியிலேயே கிடந்தது, பக்கத்தில் ஒரு சாண்கூட எட்டவில்லை. அத்தனை பேர் நின்றும் நடுவில் கிடந்ததன்மேல் வெயில் குறையாமல் விழுந்தது. வேல்கனிதான் முதலில் தலையில் கட்டியிருந்த துண்டை உதறி, அது போதாதென்று முந்தானையை உருவி, எதிரே நின்ற தங்கபுஷ்பத்திடம் ஒரு முனையைக் கொடுத்து, அதன்மேல் விரித்துப் பிடித்தாள். பிறகு அடுத்தவள். பிறகு அடுத்தவள். ஆண்கள் தோள்துண்டையும், கங்காணி தன் மேல்வேட்டியையும் கொடுத்தார்கள். கிழக்குத் தெருக்காரர் ஒரு முனையையும் மேற்குத் தெருக்காரர் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். நைந்த சேலைகள் வழியாக ஊதாவும் பச்சையுமாக ஒரு சின்ன நிழல், வெறும் நிழல், குளிர்ச்சி எதுவும் இல்லாதது, மலையாண்டியின்மேல் விழுந்தது. அது கண்ணைத் திறந்து, மேலே இருந்த அந்த நிறங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

வயிறு ஏறி இறங்குவது நின்றதைப் பக்கத்தில் குந்தியிருந்த பொன்னுலிங்கம் கண்டார். கையை அதன் மூக்கில் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் வைத்திருந்தார். கங்காணி தண்டவாளத் துண்டின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், போகவில்லை.

"ஏளா, எறக்கு. அது போயிட்டு" என்றார் பொன்னுலிங்கம்.

"தெரியும்" என்றாள் வேல்கனி. தளர்ந்த முனையை இழுத்து மறுபடியும் இறுக்கிப் பிடித்தாள்.

"பெறவு என்னத்துக்கு நிக்க? நீ விழுந்துருவ. கையை எறக்கு."

"வெயிலு இன்னும் இருக்குல்லா" என்றாள்.

அவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. சூரியன் மேற்கே சரியத் தொடங்கியபோது, நிழல் விலகிவிடாதபடி அவர்கள் சேலைகளையும் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தார்கள். அது இன்னும் சரிய, ஆளுக்கு ஓர் எட்டு நகர்ந்து இன்னும் கொஞ்சம் சாய்த்தார்கள். கைகள் மரத்துப்போயின. குழந்தைகள் அழுது அழுது அடங்கின. முதலில் கையை இறக்குகிற ஆளாக இருக்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.